பொதுத்துறை மேலாளருக்கு வழிகாட்டும் விழுமியங்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அரசுத் துறை, நகராட்சி, பொதுத்துறை நிறுவனம், அரசு மருத்துவமனை, பல்கலைக்கழகம் என்று எங்கே மேலாளராகப் பொறுப்பேற்றாலும் ஆரம்பத்திலேயே நடத்தை விதித் தாள் ஒன்றில் கையெழுத்து வாங்கிவிடுகிறார்கள். நேர்மை, நடுநிலை, பொறுப்புக்கூறல் என்று அதில் வரிசையாக இருக்கும். சந்தேகங்கள் வருவது கையெழுத்துப் போட்ட பிறகுதான். புதிதாக மேலாளர் ஆனவர்களிடம் பேசும்போதெல்லாம் திரும்பத் திரும்பக் காதில் விழுந்த கேள்விகளை, அவர்கள் கேட்ட விதத்திலேயே தொகுத்திருக்கிறேன். பின்னால் வரும் பதில்கள் முன்னால் சொன்னதை வைத்துக்கொண்டு பேசுவதால் வரிசையாகப் படிப்பது நல்லது.

விதிமுறைப் புத்தகமே இவ்வளவு தடிமனா இருக்கு. அதுக்கு மேல விழுமியம்னு தனியா எதுக்கு?

முன்கூட்டியே யோசித்து வைத்த சூழ்நிலைக்குத்தான் விதி பதில் சொல்லும். மேலாளரின் மேசைக்கு வந்து நிற்பவை பெரும்பாலும் விதி யோசிக்காதவை. விதி தெளிவாக இருந்திருந்தால் கீழே இருக்கும் எழுத்தரே அந்தக் கோப்பை முடித்து அனுப்பியிருப்பார். “தகுதியுள்ள எவருக்கும் வழங்கலாம்” என்று விதி கைகழுவிவிடும் இடத்தில் யாருக்கு முதலில், எதை வைத்து, எவ்வளவு சீக்கிரம் என்பதையெல்லாம் நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். அந்த இடத்தில்தான் விழுமியம் வேலைக்கு வருகிறது.

அமெரிக்க அரசியல் அறிஞர் மைக்கேல் லிப்ஸ்கி 1980-ல் ஒரு கருத்தை முன்வைத்தார். ஆசிரியர், காவலர், நலத்திட்ட அலுவலர் போன்றோர் நேரமும் பணமும் போதாத நெருக்கடியில் தினமும் எடுக்கும் சின்னச் சின்ன முடிவுகள்தான் மக்களைப் பொறுத்தவரை அரசின் கொள்கை என்றார். மேலே அமர்ந்து எழுதிய கொள்கை வேறாக இருக்கலாம். கவுன்ட்டரில் நிற்பவருக்குத் தெரிவது கவுன்ட்டரில் கிடைப்பது மட்டுமே.

தனியார் கம்பெனி மேனேஜருக்கும் இதே நேர்மை, இதே ஒழுக்கம்தானே? நமக்கு மட்டும் என்ன தனி?

நிறைய விஷயங்கள் பொதுதான். பொய்க்கணக்கு எங்கேயும் பொய்க்கணக்கு. ஆனால் தனியார் நிறுவனத்தின் சேவை பிடிக்காத வாடிக்கையாளர் வேறு நிறுவனத்துக்குப் போகலாம். உரிமம் கேட்டு உங்கள் அலுவலகத்துக்கு வருபவர் வேறு எங்கும் போக முடியாது. நீங்கள் செலவழிக்கும் பணமும் மக்கள் மனமுவந்து கொடுத்ததல்ல, சட்டம் வசூலித்த வரி.

தனியார் நிறுவனம் “எங்களுக்கு இதுதான் பிடித்தது, வாங்கினோம்” என்று சொல்லிப் பேச்சை முடித்துக்கொள்ளலாம். பொதுத்துறை மேலாளரால் அது முடியாது. வாய்ப்பு கிடைக்காமல் போனவர் வந்து “ஏன் எனக்கு இல்லை?” என்று கேட்டால், அவர் முகத்தைப் பார்த்துச் சொல்லக்கூடிய காரணம் கையில் இருக்க வேண்டும். அவர் ஏற்றுக்கொள்வாரா என்பது வேறு. சொல்லக்கூடியதாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். கீழே வரும் பல பதில்களிலும் இதையே உரைகல்லாகப் பயன்படுத்துகிறேன்.

ஒவ்வொரு நாடும் ஒவ்வொரு பட்டியல் வச்சிருக்கு. எதைப் பிடிச்சுக்கறது?

அதிகம் பேசப்படுவது பிரிட்டனின் ஏழு கோட்பாடுகள். நாடாளுமன்றத்தில் கேள்வி கேட்க உறுப்பினர்கள் பணம் வாங்கினார்கள் என்ற விவகாரம் வெடித்ததும் பிரதமர் ஜான் மேஜர் 1994-ல் நோலன் பிரபு தலைமையில் ஒரு குழு அமைத்தார். அடுத்த ஆண்டு வந்த முதல் அறிக்கையில் தன்னலமின்மை, நேர்மை, புறவயத்தன்மை, பொறுப்புக்கூறல், வெளிப்படைத்தன்மை, உண்மை பேசுதல், தலைமைப் பண்பு ஆகிய ஏழும் இருந்தன. கனடாவின் 2012 நெறிமுறை மக்களாட்சிக்கு மதிப்பு, மனிதர்களுக்கு மதிப்பு, நேர்மை, பொதுச்சொத்தைப் பேணுதல், சிறப்பான பணி என்று ஐந்தைச் சொல்கிறது. நியூசிலாந்தின் 2020 சட்டம் அரசியல் சார்பின்மையையும் அமைச்சருக்கு ஒளிவுமறைவின்றி ஆலோசனை சொல்வதையும் சட்டக் கோட்பாடாகவே ஆக்கியிருக்கிறது.

வார்த்தைகள்தான் மாறுகின்றன, உள்ளே இருப்பது பெரும்பாலும் ஒன்றுதான். உங்கள் நிறுவனம் எதில் கையெழுத்து வாங்கியதோ அதுவே உங்களுடையது. பட்டியல்களை ஒப்பிட்டுக்கொண்டிருப்பதில் பெரிய பலன் இல்லை.

நம்ம ஆளு ஒருத்தர் நிஜமாவே திறமைசாலி. போட்டி வைக்காம அவரையே எடுத்தா என்ன தப்பு?

ஒரு காலத்தில் எல்லாரும் அப்படித்தான் எடுத்தார்கள். அதை நிறுத்துவதற்குப் பெரிய விலை கொடுக்க வேண்டியிருந்தது. பிரிட்டனில் 1854-ல் நார்த்கோட், ட்ரெவெல்யன் இருவரும் எழுதிய அறிக்கைதான் சிபாரிசை விட்டுவிட்டுப் பொதுத்தேர்வு மூலம் ஆளெடுக்கச் சொன்னது. அமெரிக்காவில் தேர்தலில் வென்ற கட்சி தன் ஆட்களுக்கு அரசுப் பதவிகளைப் பங்கிட்டுக் கொடுக்கும் வழக்கம் இருந்தது. தனக்கொரு பதவி கிடைக்கவில்லை என்ற ஆத்திரத்தில் சார்லஸ் கிட்டோ என்பவர் 1881-ல் அதிபர் கார்ஃபீல்டைச் சுட்டார், அதிபர் இறந்துபோனார். தகுதி அடிப்படையில் நியமனம் என்ற பென்டில்டன் சட்டம் 1883-ல் நிறைவேற அந்த அதிர்ச்சியும் ஒரு காரணம்.

உங்கள் ஆள் திறமைசாலி என்றால் போட்டியிலும் வருவார். வராவிட்டால், உங்களுக்குத் தெரியாத இன்னொரு திறமைசாலி இருந்திருக்கிறார் என்று அர்த்தம்.

நான் ஒரு பைசா லஞ்சம் வாங்கினதில்லை. அது போதாதா?

போதாது. அது தொடக்கப் புள்ளி. லஞ்சம் வாங்காமலேயே ஒரு மேலாளர் பாரபட்சம் காட்டலாம், கோப்பை மாதக்கணக்கில் தூங்கவிடலாம், கணக்கை அழகுபடுத்தலாம், தனக்குக் கீழே இருப்பவர் செய்யும் தவறைக் கண்டும் காணாமல் இருக்கலாம். “கை சுத்தம்” என்ற பெயரை வைத்துக்கொண்டு இதையெல்லாம் நிம்மதியாகச் செய்பவர்கள் எல்லா அலுவலகத்திலும் உண்டு.

என் மச்சான் டெண்டர் போட்டிருக்கார். அவர் விலைதான் குறைவு. நான் விலகினா நிறுவனத்துக்குத்தானே நஷ்டம்?

நீங்கள் விலகுவதால் அவருடைய விலை ஏறிவிடாது. குறைந்த விலை என்றால் உங்கள் கையெழுத்து இல்லாமலே அது ஜெயிக்கும். உங்கள் கையெழுத்தோடு ஜெயித்தால், விலை குறைவாக இருந்தும் யாரும் நம்ப மாட்டார்கள். தோற்றவரிடம் நீங்கள் என்ன காரணம் சொன்னாலும் “மச்சானாச்சே” என்ற ஒரே வார்த்தையில் அது அடிபட்டுப் போகும்.

உறவை எழுத்தில் தெரிவியுங்கள், அதுவும் உறைகளைத் திறப்பதற்கு முன்பே. பலர் கோட்டைவிடுவது இதற்கு அப்புறம்தான். கையெழுத்துப் போடாமல் இருப்பது மட்டுமே விலகல் ஆகாது. தேவை விவரக்குறிப்பைத் தயாரித்தது நீங்கள் என்றால் அதையும் சொல்ல வேண்டும். மதிப்பீட்டுக் கூட்டத்தில் ஓரமாக உட்கார்ந்திருப்பது கூடாது. அவருக்கே வேலை கிடைத்தால், தரத்தைச் சோதிப்பதும் பில்லை அனுமதிப்பதும் வேறொருவர் பொறுப்பில் இருக்க வேண்டும். உங்களுக்குக் கீழே இருப்பவரிடம் அதை ஒப்படைத்தால் பிரச்சினை அப்படியேதான் இருக்கிறது, ஏனென்றால் அவருடைய ஆண்டு மதிப்பீட்டை எழுதுவது நீங்கள்.

பண்டிகைப் பரிசு, டைரி, இலவச விருந்து இவற்றுக்கும் இதே வழிதான். உங்கள் நிறுவனத்தின் உச்சவரம்பு என்ன என்று பாருங்கள். அதற்குள்ளேயே இருந்தாலும், முடிவாகாத கோப்பு ஒன்று உங்கள் மேசையில் இருக்கும் ஆளிடமிருந்து வந்தால் திருப்பி அனுப்பிவிடுங்கள்.

நடுநிலைன்னா எல்லாரையும் ஒரே மாதிரி நடத்தறதுதானே? அப்போ கஷ்டப்படறவங்களுக்கு இரக்கம் காட்டினா அது பாரபட்சமா?

இந்தக் கேள்வியைக் கேட்பவர்களை எனக்குப் பிடிக்கும். விதியை எல்லாருக்கும் ஒரே கடுமையோடு பிரயோகித்தால் நடுநிலை வந்துவிடும் என்ற எண்ணம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு நெதர்லாந்தில் ஒரு பெரிய உதாரணம் இருக்கிறது. குழந்தைப் பராமரிப்புக்கு அரசு தரும் உதவித்தொகையில் மோசடி நடக்கிறது என்று வரித்துறை கெடுபிடி செய்தது. படிவத்தில் சின்னக் குறை, பெற்றோர் தம் பங்காகக் கட்ட வேண்டிய தொகையில் சிறு பாக்கி என்றாலும் அந்த ஆண்டு முழுக்க வாங்கிய தொகையைத் திருப்பிக் கட்டச் சொன்னார்கள். பல்லாயிரம் பெற்றோர் கடனில் மூழ்கினார்கள். சட்டத்துக்கு வரித்துறை கொடுத்த இந்த விளக்கத்தை உயர் நிர்வாக நீதிமன்றமே பல ஆண்டுகள் ஏற்றுக்கொண்டிருந்தது. கடைசியில் நாடாளுமன்ற விசாரணை அறிக்கை வந்து, 2021 ஜனவரியில் அமைச்சரவையே ராஜினாமா செய்தது. யாரைச் சந்தேகப்படுவது என்று தேர்ந்தெடுத்ததில் இரட்டைக் குடியுரிமையையும் ஒரு குறியாக வைத்திருந்தார்கள் என்பது இன்னொரு அவலம். ஆக, கடுமையும் இருந்தது, பாரபட்சமும் இருந்தது.

நடுநிலை என்றால் முடிவுக்குச் சம்பந்தமில்லாத எதையும் கணக்கில் எடுக்காமல் இருப்பது. சாதி, கட்சி, உறவு, குடியுரிமைத் தாள் இவை சம்பந்தமில்லாதவை. தவறு எவ்வளவு பெரிது, அது வேண்டுமென்றே செய்ததா, தண்டனை அதற்கு ஏற்றதா என்பவை சம்பந்தமுள்ளவை. இரக்கம் காட்டலாம். இன்று ஒருவருக்குக் காட்டியதை நாளை அதே நிலையில் வரும் முன்பின் தெரியாதவருக்கும் காட்டத் தயாராக இருக்க வேண்டும். இல்லையென்றால் அது சலுகை.

சிக்கனமும் ஒரு விழுமியம்தானே? செலவைக் குறைச்சா பாராட்டுறாங்க, நான் எதுக்கு யோசிக்கணும்?

சிக்கனம் விழுமியம்தான், சந்தேகமே இல்லை. மக்கள் பணத்தை வீணாக்குவது நேர்மையின்மைக்குப் பக்கத்து வீடு. ஆனால் நிர்வாகவியல் அறிஞர் கிறிஸ்டோபர் ஹுட் 1991-ல் எழுதியதை இங்கே நினைத்துக்கொள்ளலாம். பொது நிர்வாகத்தின் விழுமியங்களை அவர் மூன்று கூட்டமாகப் பிரித்தார். விரயமில்லாமல் நடத்துவது ஒன்று, நியாயமாகவும் நேர்மையாகவும் நடத்துவது இன்னொன்று, அடி விழுந்தாலும் தாங்குகிற மாதிரி நடத்துவது மூன்றாவது. முதலாவதுக்காகவே முழு அமைப்பையும் வடிவமைத்தால் மற்ற இரண்டும் மெலிந்துபோகலாம் என்பதுதான் அவர் எழுப்பிய ஐயம்.

அமெரிக்காவின் ஃபிளின்ட் நகரத்தில் நடந்ததைப் பாருங்கள். நிதி நெருக்கடியில் இருந்த நகரம் மாநில அரசு நியமித்த நிர்வாகியின் கையில் இருந்தது. செலவைக் குறைக்க 2014 ஏப்ரலில் குடிநீர் ஆதாரத்தை உள்ளூர் ஆற்றுக்கு மாற்றினார்கள். குழாய் அரிக்காமலிருக்கச் சேர்க்க வேண்டிய ரசாயனத்தைச் சேர்க்கவில்லை. பழைய குழாய்களிலிருந்து ஈயம் கரைந்து வீட்டுக் குழாய்களில் வந்தது. அதே ஆண்டு அக்டோபரில், உதிரி பாகங்கள் துருப்பிடிக்கின்றன என்று ஜெனரல் மோட்டார்ஸ் தொழிற்சாலை அந்தத் தண்ணீரை நிறுத்தி வேறு ஏற்பாடு செய்துகொண்டது. மக்களுக்கான தண்ணீர் பழைய ஆதாரத்துக்குத் திரும்பியது 2015 அக்டோபரில்தான். மிச்சமானதைப் போலப் பல மடங்கு அப்புறம் குழாய் மாற்றவும் இழப்பீட்டுக்கும் போனது. இயந்திரத்துக்கு ஆகாத தண்ணீரைக் குடிக்கிறவர்களுக்கு எந்த மேலாளரால் காரணம் சொல்ல முடியும்?

மேலிடம் இலக்கு கொடுக்குது. எண்ணிக்கை வந்தா போதும்கிறாங்க. எண்ணிக்கையில என்ன விழுமியம் வந்தது?

ஓர் அளவீட்டை இலக்காக மாற்றியதும் அது நல்ல அளவீடாக இல்லாமல் போய்விடுகிறது. இந்த எண்ணத்தின் மூலம் சார்லஸ் குட்ஹார்ட் என்ற பொருளாதார அறிஞர் 1975-ல் சொன்னது. அட்லாண்டா நகரப் பள்ளிகளில் மாணவர் தேர்வு மதிப்பெண்ணுக்கு இலக்கு வைத்துக் கடுமையாக அழுத்தினார்கள். மதிப்பெண் ஏறியது. மாநில அரசின் விசாரணை அறிக்கை 2011-ல் வந்தபோதுதான் தெரிந்தது, 44 பள்ளிகளில் 178 ஆசிரியர்களும் தலைமை ஆசிரியர்களும் மோசடியில் சம்பந்தப்பட்டிருந்தார்கள் என்று. மாணவர்களின் தவறான விடைகளை அழித்துத் திருத்தியிருக்கிறார்கள். கூடுதல் உதவி தேவைப்பட்ட பிள்ளைகளுக்கு, மதிப்பெண் நன்றாக இருக்கிறதே என்று அந்த உதவி போய்ச் சேரவில்லை.

இலக்கே வேண்டாம் என்று சொல்லவில்லை. கீழே இருப்பவர் “இந்த மாதம் எட்டவில்லை” என்று பயமில்லாமல் வந்து சொல்ல முடிகிறதா என்று பாருங்கள். முடியவில்லை என்றால் உங்களுக்கு வரும் எண்களை நம்பாதீர்கள்.

மேலதிகாரி எடுத்த முடிவு தப்புன்னு தெரியுது. சொன்னா விசுவாசம் இல்லாதவன்னு பேர் வருமே?

விசுவாசம் பதவிக்கு, அந்தப் பதவி எந்த மக்களுக்காக இருக்கிறதோ அவர்களுக்கு. முடிவு எடுக்கும் முன் உங்கள் கருத்தை ஒளிக்காமல் சொல்வதும், சட்டப்படி எடுக்கப்பட்ட முடிவை, பிடிக்காவிட்டாலும், முழு மனதோடு நடத்திக் கொடுப்பதும் உங்கள் கடமை. இரண்டாவதை மட்டும் செய்பவர்களைத்தான் பல மேலதிகாரிகளுக்குப் பிடிக்கும். அதனால் நஷ்டப்படுவதும் அந்த மேலதிகாரிகளேதான்.

சேலஞ்சர் விண்கலம் 1986 ஜனவரி 28-ல் வெடித்து ஏழு பேர் இறந்தார்கள். முந்தைய இரவு ராக்கெட் தயாரித்த ஒப்பந்த நிறுவனத்தின் பொறியாளர்கள், குளிரில் ரப்பர் வளையங்கள் சரியாக அடைக்காது, 53 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் கீழே ஏவ வேண்டாம் என்று எழுத்தில் கொடுத்தார்கள். நாசாவின் மேலாளர்கள் அதிருப்தி காட்டியதும் அந்த நிறுவனத்தின் நிர்வாகம் பின்வாங்கியது. ஏவலாம் என்று இறுதி முடிவெடுத்த நாசா உயரதிகாரிகளுக்கு இந்த எதிர்ப்பு இருந்ததே தெரியாது என்று விபத்தை விசாரித்த ரோஜர்ஸ் ஆணையம் கண்டறிந்தது. கெட்ட செய்தி நடுவில் இருந்த படிகளிலேயே நின்றுவிட்டது. நீங்கள் நிற்பதும் அப்படி ஒரு நடுப்படியில்தான்.

முடிவு தவறானது மட்டுமல்ல, சட்டவிரோதமானது என்றால் நடத்திக் கொடுக்கும் கடமை இல்லை. வாய்மொழியாகச் சொல்கிறார், எழுதித் தர மறுக்கிறார் என்றால் “இன்று நீங்கள் கூறியபடி இவ்வாறு செய்ய வேண்டும் என்று புரிந்துகொண்டேன், இதில் எனக்குள்ள ஐயம் இது” என்று நீங்களே ஒரு குறிப்பு அனுப்புங்கள். பல தவறான உத்தரவுகள் அந்தக் குறிப்பைப் பார்த்ததும் காணாமல் போய்விடும்.

எல்லாத்தையும் வெளியில சொன்னா எப்படி வேலை நடக்கும்?

அரசு ஆவணங்களை மக்கள் பார்க்கலாம் என்று ஸ்வீடன் 1766-லேயே சட்டம் போட்டது. இன்றுவரை அங்கே நிர்வாகம் நடக்கத்தான் செய்கிறது.

வெளியிடக் கூடாதவையும் உண்டு. நோயாளியின் விவரம், திறக்காத டெண்டர் உறை, நடந்துகொண்டிருக்கும் விசாரணை. இவற்றில் வேறொருவருக்கு வரக்கூடிய பாதிப்பு தெளிவாகத் தெரிகிறது. “வெளியே தெரிந்தால் எனக்குச் சங்கடம்” என்பது மட்டுமே காரணம் என்றால் அது வெளியிட வேண்டிய ஆவணம்.

நிறுவனத்தோட நல்ல பேரைக் காப்பாத்தறது என் கடமை இல்லையா?

கடமைதான், உண்மை அனுமதிக்கும் வரை. பிரிட்டனின் தபால் நிறுவனம் அரசுக்குச் சொந்தமானது. அதன் கிளைகளில் ஹொரைசன் என்ற கணினி அமைப்பு பணம் குறைவதாகக் காட்டியது. கிளையை நடத்தியவர்கள் “நாங்கள் எடுக்கவில்லை, கணினியில் கோளாறு” என்று கதறினார்கள். நிறுவனம் தன் மென்பொருளின் பக்கம் நின்றது. 1999 முதல் 2015 வரை 900-க்கும் மேற்பட்டவர்கள் குற்றவாளிகள் ஆக்கப்பட்டார்கள், சிலர் சிறைக்கும் போனார்கள். மென்பொருளில் பிழைகள் இருந்தன என்று உயர்நீதிமன்றம் 2019-ல் தீர்ப்புச் சொன்னது. 2024-ல் தனிச் சட்டம் போட்டுத் தண்டனைகளை ரத்து செய்தார்கள்.

ஒரே மாதிரியான புகார் சம்பந்தமில்லாத பல இடங்களிலிருந்து வருகிறது என்றால், புகார் சொல்பவர்களைச் சந்தேகிப்பதற்கு முன் உங்கள் அமைப்பைச் சந்தேகியுங்கள். பெயரைக் காப்பாற்றப் போய் அந்த நிறுவனம் பெயரையும் இழந்தது.

பத்து பேர் கையெழுத்துப் போட்ட கோப்பு. என்னை மட்டும் எப்படிக் குறை சொல்லலாம்?

உங்களை மட்டும் சொல்லக் கூடாதுதான். உங்களையும் சொல்லலாம். டென்னிஸ் தாம்ப்சன் என்ற அறிஞர் 1980-ல் இதைப் “பல கைகளின் சிக்கல்” என்று அழைத்தார். எல்லாரும் கொஞ்சம் கொஞ்சம் செய்ததால் யாருமே செய்யாதது போல ஆகிவிடுகிறது. அதைத் தவிர்க்க ஒரு சின்னப் பழக்கம் உதவும். கோப்பில் வெறும் கையெழுத்துப் போடாமல் எதைச் சரிபார்த்தீர்கள் என்று ஒரு வரி எழுதுங்கள். “அளவுகளை நேரில் பார்த்தேன், விலையைப் பார்க்கவில்லை” என்று எழுதினால் அடுத்தவருக்கு எது பாக்கி என்று தெரியும்.

ரெண்டு விழுமியம் மோதினா எதுக்கு முதலிடம்?

நிரந்தரத் தரவரிசை கிடையாது. அப்படி ஒன்று இருப்பதாகச் சொல்பவர்களைக் கொஞ்சம் சந்தேகத்தோடு பாருங்கள். சட்டத்தையும் உயிர்ப் பாதுகாப்பையும் மட்டும் பேரம் பேசாமல் வைத்துக்கொள்ளலாம். மீதி எல்லாம் அந்தந்தச் சூழ்நிலை. வெள்ளம் வந்திருக்கும்போது முழு டெண்டர் நடைமுறைக்காகப் படகு வாங்காமல் காத்திருக்க முடியாது, வேகம் ஜெயிக்கும். ஆனால் வெள்ளம் வடிந்த பிறகும் “அவசரக் கொள்முதல்” தொடர்ந்தால் அங்கே வேறு ஏதோ நடக்கிறது.

எதற்கு எதை விட்டுக்கொடுத்தீர்கள், எவ்வளவு நாளைக்கு, விட்டுக்கொடுத்ததை வேறு எப்படி ஈடுகட்டினீர்கள் என்பதை அன்றைக்கே எழுதி வையுங்கள். படகு உதாரணத்தில் போட்டி விலை விட்டுப்போனது. ஈடாக, வாங்கிய விலையை உடனே வெளியிட்டு, பிற்பாடு தணிக்கைக்கு அனுப்பலாம். ஆறு மாதம் கழித்து எழுதும் காரணம் யாரையும் நம்ப வைக்காது.

சட்டம், தணிக்கை எல்லாம் கடுமையா இருந்தா விழுமியம் தானா வந்துடாதா?

இது இரண்டு அரசியல் அறிஞர்களுக்கு இடையே நடந்த பழைய சண்டை. கார்ல் ஃப்ரீட்ரிக் 1940-ல், நிர்வாகியின் தொழில் அறிவும் மனசாட்சியும்தான் உண்மையான கட்டுப்பாடு என்றார். ஹெர்மன் ஃபைனர் 1941-ல் மறுத்தார், வெளியிலிருந்து மக்கள் பிரதிநிதிகள் கட்டுப்படுத்தாவிட்டால் எந்த மனசாட்சியும் நிலைக்காது என்றார். என் கணிப்பில் ஃபைனருக்கு ஒரு படி முன்னுரிமை கொடுக்கலாம், நல்லவர்கள் என்று நினைத்துக்கொண்டவர்கள் செய்த கெடுதல்களைப் பார்க்கும்போது. ஆனால் மேலே சொன்ன சேலஞ்சர் கதையில் எந்தத் தணிக்கையாளரும் அந்த இரவு அறையில் இல்லை. அங்கே இருந்தவர்களின் மனசாட்சி மட்டும்தான் இருந்தது.

எனக்குக் கீழே இருபது பேர். அவங்களுக்கு இதையெல்லாம் எப்படிக் கொண்டு சேர்க்கறது?

சுவரொட்டி ஒட்ட வேண்டாம். வாராந்திரக் கூட்டத்தில் நீங்கள் முதலில் கேட்கும் கேள்வி எதுவோ அதுதான் உங்கள் விழுமியம் என்று அவர்கள் எடுத்துக்கொள்வார்கள். எத்தனை கோப்பு முடிந்தது என்று மட்டும் கேட்டால் முடிக்க எளிதான கோப்புகள்தான் முடியும். எது தாமதமாகிறது, அதனால் யார் காத்திருக்கிறார்கள் என்றும் கேளுங்கள்.

முடிவெடுத்தா ஆடிட்டில மாட்டுவோம். எதுவும் செய்யாம இருக்கறதுதானே பாதுகாப்பு?

உங்களுக்குப் பாதுகாப்பு. ஓய்வூதியக் கோப்பு நகராமல் கிடக்கும் முதியவருக்கு இல்லை. காத்திருக்க வைப்பதும் ஒரு முடிவுதான், அதன் கீழே கையெழுத்து இல்லை என்பது மட்டும்தான் வேறுபாடு. அந்த முதியவருக்குச் சொல்லக்கூடிய காரணம் உங்களிடம் இருக்கிறதா?

தணிக்கை பயம் நியாயமானது. நல்ல எண்ணத்தோடு எடுத்த முடிவு பிற்பாடு தவறாகப் போனதற்காக வதைபட்டவர்கள் உண்டு. முழுப் பாதுகாப்பு என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். செய்யக்கூடியது, முந்தைய பதில்களில் சொன்ன குறிப்பை முழுமையாக எழுதுவது. அன்று கையில் இருந்த தகவல் எது, வேறு என்ன வழிகளை யோசித்தீர்கள், யார் மாற்றுக் கருத்துச் சொன்னார், ஏன் அதை ஏற்கவில்லை. கூடவே, இந்த முடிவை எந்தத் தேதியில் மறுபடி பார்க்கப் போகிறீர்கள் என்பதையும் எழுதிவிட்டு, அந்தத் தேதியில் கோப்பை உண்மையிலேயே எடுத்துப் பாருங்கள்.